பூசணிக்காயும் மறுமலர்ச்சியும்

கோடம்பாக்கத்தில் ஒரு படத்தின் வேலை முடிந்துவிட்டது என்பதைத் தெரிவிக்க, "பூசணிக்காய் உடைத்தாயிற்று" என்று சொல்லுவது வழக்கமாயிருக்கிறது. தொடங்கும்போது நல்ல நாளும் நல்ல நேரமும் பார்த்து, காமிராவுக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, மாலை போட்டு, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுகிறார்கள். முடிக்கும்போது பூசணிக்காயை உடைத்துத் திருஷ்டி கழிக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிற வேலையெல்லாம் வெளிச்சத்தை அளக்கும் கருவியாலும், ஓசையை அளக்கும் கருவியாலும், கணக்குப் போட்டுத் தேய்த்த கண்ணாடி வில்லையாலும், கம்ப்யூட்டராலும் நடைபெறுகின்றது. அதாவது வேலையின் தலையும் வாலும் ஆயிரம் வருஷத்துக்கு முந்தியவை. வயிறு மாத்திரம் இந்தக் காலத்தியது.

இதைக் கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் இதில் யோசிக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. "மறுமலர்ச்சி" என்கிற வார்த்தையை நம் நாட்டில் இப்போது யாரும் எதற்கும் உபயோகிக்கிறார்கள். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்தாலும் மறுமலர்ச்சி. பழைய கூத்துக்குப் புதிய திரை கட்டினாலும் மறுமலர்ச்சி. ஆகவே அந்த வார்த்தை பிறந்த ஐரோப்பாவில் இடைக்காலத்துக் கட்டடத்துக்கும் சித்திரத்துக்கும் சங்கீதத்துக்கும், மறுமலர்ச்சிக் காலத்தவைகளுக்கும் என்ன வித்தியாசம் என்பதையும், அந்த வித்தியாசம் நம்மிடத்தில் எவ்வளவு தூரம் ஏற்பட்டிருக்கிறது என்பதையும் ஒத்துப் பார்ப்பது அவசியமென்று கருதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இடைக்காலத்து வேலை மட்டமானது, மறுமலர்ச்சிக் காலத்து வேலைதான் உயர்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. பாரிஸ் நகரில் 1163-ல் தொடங்கிய நோத்ர்தாம் மாதா கோயிலையும், தஞ்சாவூரில் 1010-ல் முடிந்த பெரிய கோயிலையும் பார்த்து, கட்டத் தெரியாதவன் கட்டினது என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழும்பாது. கல்லைக் கல்லின்மேல் 200 அடிக்குமேல் நிறுத்தியவனுடைய புத்தியும் உழைப்பும் நமக்கும் பெருமைதான். நம்முடைய கேள்வி வேறு. அந்தக் கட்டடத்தில் யார் எங்கே நிற்கலாம்? அந்தப் பாட்டை யார் கற்றுக்கொள்ளலாம்? அந்தச் சித்திரத்தில் யார் பெரியவன், யார் சிறியவன், அது எதைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டது?

தஞ்சைக் கோயிலின் கல்வெட்டே இதற்குப் பதில் சொல்லுகிறது. ஊர் ஊராகப் பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 பெண்களின் பெயர்களும், அவர்கள் குடியிருந்த தெருக்களும் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு வருஷம் 100 கலம் நெல். பதிகம் பாடுகிறவர்கள், கொட்டு முழக்குகிறவர்கள் எல்லாருக்கும் இப்படியே படி ஏற்பட்டிருக்கிறது. தலைமைத் தச்சனான குஞ்சரமல்லன் பெயரும் கல்லில் இருக்கிறது, அது நல்லதே. ஆனால், பங்கு பெற்றவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ என்ன செய்வது என்றும் அதே கல்வெட்டு சொல்லுகிறது. அவருக்கு அடுத்த உறவினர் அந்த நெல்லைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும்; அந்த உறவினருக்குத் தகுதியில்லையானால் மாத்திரம் வேறு தகுதியுள்ளவரைத் தேடிக்கொள்ளலாம். "பார்த்தீர்களா, தகுதி என்று போட்டிருக்கிறதே" என்பார்கள் பழம்பெருமைக்காரர்கள். போட்டுத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனையாவதாகப் போட்டிருக்கிறது? முதலில் பிறப்பு, பிறப்பு கைவிட்ட பிறகுதான் தகுதி. இதே கோயிலுக்கு விடப்பட்ட கிராமங்களின் கணக்கில் வரியில்லாத நிலங்களைக் கழிக்கும்போது பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் தனித்தனியாகக் குறித்திருக்கிறார்கள். கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்குக் கீழே சேரி இருந்திருக்கிறது.

அந்த 400 பெண்களின் வழிமுறை ஒழிவதற்கு 1947 வரையில், அதாவது ஆயிரம் வருஷத்துக்கு 63 வருஷம் குறைவாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. பொட்டுக் கட்டும் வழக்கத்தைச் சென்னை ராஜ்யத்தில் சட்டத்தால் நிறுத்தியது அந்த வருஷத்தில்தான். அதற்காக டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் சட்டசபையில் வாதாடியதையும், மூவலூர் ராமாமிர்தத்தம்மையார் அந்தக் குலத்து வாழ்க்கையை நேரில் அறிந்தவராகவே ஊர் ஊராய்ப் போய் ஏச்சும் பேச்சும் வாங்கினதையும் நம் வாசகர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சமயத்தில் "கலை அழிந்துபோகுமே" என்று அழுதவர்கள், தங்கள் வீட்டுப் பெண்ணை அந்தக் கலையைக் காப்பாற்ற அனுப்புகிறோம் என்று சொன்னதாக மாத்திரம் நாம் கேட்டதில்லை.

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். அங்கேயும் இடைக்காலத்து மாதா கோயிலில் பாதிரிமாருக்கு ஒரு பாகம், பாமர ஜனங்களுக்கு ஒரு பாகம் என்று இருந்தது. நடுவில் ஒரு தடுப்புச் சுவர். உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே நிற்கிறவனுக்குச் சரியாகத் தெரியாது. கேட்கிற பாஷையும் அவனுக்குப் புரியாத லத்தீன். நம் ஊர் நிலைமைக்கு இது எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் பிளாரன்ஸ் நகரத்தில் சாந்தா குரோச்சே, சாந்தா மரியா நொவெல்லா என்ற இரண்டு பெரிய கோயில்களிலும் இருந்த தடுப்புகளை 1560-களில் வசாரி என்கிற சித்திரக்காரர் இடித்துத் தள்ளினார். மதத்தின்மேல் கோபங்கொண்டு இடித்ததல்ல. லூத்தர் எழுப்பிய கிளர்ச்சிக்குப் பிறகு, பீடம் ஜனங்களின் கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஜனங்கள் நிலைக்க மாட்டார்கள் என்று மத ஸ்தாபனத்துக்கே தோன்றிவிட்டது. எப்படியோ, சுவர் போயிற்று.

நம் நாட்டில் கர்ப்பக்கிருகம், அர்த்த மண்டபம், மகா மண்டபம், பிராகாரம், கோபுர வாசல், அதற்கு வெளியே தெரு, தெருவுக்கும் வெளியே சேரி என்று அமைத்த கட்டடத் திட்டமே ஜாதிப் படிக்கட்டைப் படுக்கப் போட்டதுபோல் இருக்கிறது. 1939-ல் மதுரை மீனாட்சி கோயில் வாசல் திறந்து, அதன் பிறகு சட்டங்களும் வந்ததால் மகா மண்டபம் வரையில் எல்லாரும் போகிறார்கள். அதற்கு மேல்? 2024 டிசம்பர் 15-ந் தேதி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் இசையமைப்பாளர் இளையராஜா அர்த்த மண்டபத்துக்கு அப்பால் நிற்கும்படி நேர்ந்ததைப் பற்றிப் பெரிய பேச்சு எழுந்தது. தமக்கு அவமதிப்பு ஒன்றும் நடக்கவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். அந்த மண்டபத்தில் அர்ச்சகர் முதலியவர்களைத் தவிர எவரையும் விடுவதில்லை என்று கோயில் தரப்பாரும் விளக்கினார்கள். இரண்டையும் நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளுகிறோம். தனி மனிதரின் மானத்தைப் பற்றி அவர்தான் பேச வேண்டும். நாம் கேட்பது அந்த மண்டபத்தைப் பற்றி. "எவரையும் விடுவதில்லை, அர்ச்சகரைத் தவிர" என்றால், அர்ச்சகர் ஆகிறவர் யார்? எல்லா ஜாதியாரும் அர்ச்சகராக வழி செய்து 1970-ல் கலைஞர் கருணாநிதி அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. பயிற்சி பெற்ற பல ஜாதியாரில் 24 பேருக்கு ஒரே நாளில் நியமன உத்தரவு கையில் கிடைத்தது 2021 ஆகஸ்டு 14-ல். நடுவில் 51 வருஷம் கோர்ட்டுப் படிகளில் கழிந்தது. வசாரிக்கு இரண்டு கோயிலைத் திறக்கப் பத்து வருஷங்கூட ஆகவில்லை.

அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேச்சு அடங்கி மூன்று மாதம் ஆவதற்குள், 2025 மார்ச் 8-ந் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் வாத்தியக் குழு, பண்ணைப்புரத்தில் பிறந்த அதே மனிதர் எழுதிய சிம்பனியை வாசித்தது. இது எப்படி முடிந்தது? அவர் காகிதத்தில் எழுதினதை, அவர் பாஷை தெரியாத, அவர் ஊரைப் பார்த்திராதவர்கள் எடுத்து வைத்துக்கொண்டு வாசிக்க முடிந்ததால் முடிந்தது. சங்கீதத்தின் மறுமலர்ச்சிக்கு அஸ்திவாரம் இந்தக் காகிதந்தான்.

இதன் கதை ருசிகரமானது. பதினோராம் நூற்றாண்டில், தஞ்சைக் கோயில் முடிந்து ஏறக்குறைய இருபது வருஷத்தில், இத்தாலியில் குய்தோ என்கிற துறவி, கோடு போட்டு அதன்மேல் சுரத்தைக் குறிக்கும் முறையை ஒழுங்கு செய்தார். வாயால் கேட்டே பாடம் பண்ணிப் பத்து வருஷத்திலும் தேறாத பையனை, ஒன்று அல்லது இரண்டு வருஷத்தில் தேற்றிவிடலாம் என்று அவர் எழுதினார். உடனே அவருடைய மடத்துத் துறவிகளுக்குப் பொறாமை பிறந்து, அவர் அந்த மடத்தை விட்டே போக வேண்டியதாயிற்று. பொறாமைக்குக் காரணம் தெளிவாக இருக்கிறது. பத்து வருஷம் காலடியில் கிடக்க வேண்டிய சிஷ்யன் ஒரு வருஷத்தில் எழுந்து போய்விட்டால் குருவின் பிழைப்பு என்னாகும்? பிறகு 1501-ல் வெனிஸ் நகரத்தில் பெத்ரூச்சி என்பவர் பல குரல் சங்கீதத்தை அச்சுப் போட்டு விற்க ஆரம்பித்தார். மடத்துக்குள் இருந்தது கடைக்கு வந்தது. காசும் எழுத்தறிவும் உள்ளவன் எவனும் வாங்கிப் பாடலானான்.

நம்மிடத்தில் இந்த யுக்தி இல்லாமலா போயிற்று? புதுக்கோட்டைச் சீமையில் குடுமியான்மலைப் பாறையில் ஏழாம் நூற்றாண்டு எழுத்தில், சுரங்களை வரிசை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். குய்தோவுக்கு முந்நூறு வருஷத்துக்கு மேல் முந்தியது. சிஷ்யர்களின் நன்மைக்காகச் செய்தது என்றுகூட அதில் கண்டிருக்கிறது. ஆனால் எந்த எழுத்தில்? கிரந்தத்தில். எந்தப் பாஷையில்? சமஸ்கிருதத்தில். அந்த மலையடிவாரத்தில் கல் உடைத்தவனுக்கும் மாடு மேய்த்தவனுக்கும் அது பாறையில் விழுந்த கீறல்தான். யுக்தி முந்நூறு வருஷம் முந்தியும், பலன் எண்ணூறு வருஷம் பிந்தியும் போனதற்குக் காரணம் மூளைக் குறைவு அல்ல. கதவு சாத்தியிருந்தது என்பதுதான்.

தேவார ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்ததாகவும், பாடின மூவரும் நேரில் வந்தாலொழியத் திறக்க மாட்டோம் என்று தீட்சிதர்கள் சொன்னதாகவும், கடைசியில் திறந்தபோது பெரும்பாகத்தைக் கரையான் தின்றிருந்ததாகவும் சைவர்களே புராணம் எழுதி வைத்திருக்கிறார்கள். புராணத்தை நாம் சரித்திரமாக நம்புகிறவர்கள் அல்ல. ஆனால் இந்த ஒரு புராணத்தில் மாத்திரம் நம் நாட்டு நடப்பை ஒட்டிய விஷயம் இருக்கிறது. ஏனெனில், அதே தில்லையில் சிற்றம்பல மேடையில் நின்று தமிழில் தேவாரம் பாடுவதற்கு ஆறுமுகசாமி என்னும் வயோதிகருக்கு 2008 மார்ச்சு 2-ந் தேதி அரசாங்க உத்தரவும் போலீஸ் பந்தோபஸ்தும் வேண்டியிருந்தன. தேவாரம் பாடுவதால் மோட்சம் கிடைக்கும் என்பதை நாம் ஒப்பவில்லை. ஆனாலும் பாடக் கூடாது என்று தடுக்கிறவன் ஒருவன் இருக்கிறவரையில், பாடுகிறவன் பக்கந்தான் நாம் நிற்போம்.

சங்கீதத்தில் மறுமலர்ச்சி என்பதற்கு இன்னொரு பாகமும் உண்டு; அதை நம் வித்துவான்கள் பேசுவதே இல்லை. பிதாகரஸ் என்ற கிரேக்க ஞானி கொல்லன் பட்டறையில் சம்மட்டி ஓசையைக் கேட்டு, பாரம் இரண்டு மடங்கானால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறுகிறது என்று கண்டுபிடித்ததாக ஒரு கதை. இதைச் சுமார் ஆயிரத்தைந்நூறு வருஷமாகப் பண்டிதர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவந்தார்கள். ஒருவராவது தந்தியில் பாரத்தைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் பிளாரன்ஸில் வின்சென்சோ கலிலி என்கிற வீணைக்காரர் கட்டிப் பார்த்தார். இரண்டு மடங்கு போதவில்லை. நான்கு மடங்கு வேண்டியிருந்தது! ஞானி பெயரால் வழங்கியது பொய்யென்று ஒரு தந்தியும் சில படிக்கற்களும் நிரூபித்துவிட்டன. இந்த வீணைக்காரரின் மகன்தான் கலிலியோ. தகப்பன் தந்தியைச் சோதித்த வீட்டில் வளர்ந்த பிள்ளை ஆகாயத்தைச் சோதித்தான் என்பதில் ஆச்சரியமென்ன?

நம்மிலும் அப்படி ஒருவர் இருந்தார். தஞ்சாவூரில் சித்த வைத்தியம் செய்துவந்த ஆபிரகாம் பண்டிதர், ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி என்று எல்லாரும் ஒப்பித்துக்கொண்டிருந்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்து, அது பொருந்தாது, 24 என்றால்தான் பொருந்தும் என்று வாதாடி 1917-ல் "கருணாமிர்த சாகரம்" என்ற பெரும் புத்தகத்தை வெளியிட்டார். அவருடைய முடிவு சரியா தப்பா என்பது வித்துவான்கள் அளந்து பார்த்துத் தீர்க்க வேண்டியது. அவர் செய்தது மறுமலர்ச்சிக்காரன் செய்கிற வேலை. அப்புறம் 1940-களில் தமிழிசைக் கிளர்ச்சி நடந்தது. மேடையில் தமிழும் கொஞ்சம் ஏறிற்று. பாஷை ஏறியதே தவிர, மிருதங்கத்துக்குத் தோல் வார் பிடித்துக் கொடுக்கிறவனும், அதைத் தட்டிச் சன்மானம் வாங்குகிறவனும் ஒரே பந்தியில் உட்காருவது சுலபத்தில் ஏற்படவில்லை.

சித்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். இடைக்காலத்துப் படத்தில், அது அவர்கள் நாடானாலும் நம் நாடானாலும், கடவுள் எல்லாரிலும் பெரியவர், ராஜா அவருக்கு அடுத்தவர், காலடியில் கிடக்கிற குடியானவன் எலி அளவு. பின்னால் ஒரே தங்கப் பூச்சு. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புருனெல்லெஸ்கி என்பவர் பிளாரன்ஸ் கோயில் வாசலில் நின்று, எதிரே உள்ள கட்டடத்தைக் கண்ணுக்குத் தெரிகிறபடியே கணக்குப் போட்டு எழுதிக் காட்டினார். மசாச்சோ முதலியவர்கள் அதைச் சுவருக்குக் கொண்டுபோனார்கள். இந்தக் கணக்கில் உருவத்தின் அளவைத் தீர்மானிப்பது அந்தஸ்து அல்ல, தூரம். பக்கத்தில் நிற்கிற பிச்சைக்காரன் பெரியவன். தூரத்தில் நிற்கிற ராஜா சிறியவன். பார்க்கிற சாதாரண மனிதன் கண் எங்கே இருக்கிறதோ அதுவே அளவுக்கு ஆதாரம்.

காமிராக் கண்ணாடி செய்கிற வேலை இதே வேலைதான். ஆகவே 1940-களில் கோடம்பாக்கத்துக்கும் வடபழனிக்கும் ஸ்டூடியோக்கள் வந்து இறங்கியபோது, தமிழ்நாட்டுக்கு வந்து இறங்கியது புருனெல்லெஸ்கியின் கணக்கு. அதை வைத்து நாம் முதலில் என்ன செய்தோம்? புராணம் எடுத்தோம். தென்னாட்டின் முதல் ஊமைப் படமே "கீசக வதம்". "வேலைக்காரி"யும் (1949) "பராசக்தி"யும் (1952) வந்து, கோயிலுக்குள் நடப்பதையும் பண்ணையார் வீட்டில் நடப்பதையும் ஜனங்கள் கண்ணால் பார்த்து யோசிக்கும்படி செய்தன. அது கோடம்பாக்கத்தின் நல்ல காலம். ஆனால் பிறகு என்ன ஆயிற்று? கண்ணாடி எல்லாரையும் தூரத்தின்படி காட்டுகிறது. கொட்டகை வாசலிலோ கதாநாயகன் ஐம்பது அடி, அறுபது அடி கட்-அவுட்டாக நிற்கிறான். அவன் தலையில் குடங்குடமாகப் பால் ஊற்றுகிறார்கள். அந்தஸ்தின்படி அளவு என்ற பழைய படம் திரும்ப வந்துவிட்டது. பட்டறையில் பலகையாலும் பாரிஸ் சாந்தாலும் செய்த சாமியைத் தச்சன் கண்ணெதிரே வர்ணம் அடித்து நிறுத்துகிறான். படம் பிடித்ததும் உடைத்து வண்டியில் ஏற்றுகிறான். சாமி எப்படி உண்டாகிறது என்பதை இவ்வளவு பிரத்தியட்சமாகப் பார்க்கிற தொழிலாளி உலகத்தில் வேறெங்கும் இருக்க மாட்டான். அவனும் பூசணிக்காய் உடைக்கிற இடத்தில் கைகட்டி நிற்கிறான் என்றால் குற்றம் அவனுடையது அல்ல; முதல் போட்டவனும் நாயகனும் எதிரே நிற்கிறார்களே!

மறுமலர்ச்சி நடந்த நாட்டில் எல்லாம் சரியாகிவிட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். சித்திரக்காரனுக்கும் சங்கீதக்காரனுக்கும் கூலி கொடுத்தவர்கள் போப்பாண்டவரும் வட்டிக்கடை முதலாளிகளுந்தான். சிந்தித்த குற்றத்துக்காக புரூனோவை 1600-ல் ரோமாபுரிச் சந்தையில் உயிரோடு கொளுத்தினார்கள். தொழிற்கூட்டங்களின் கொடுமையும் இருந்தது. புருனெல்லெஸ்கி பிறப்பால் கொத்தன் அல்ல. பொற்கொல்லர் வேலை கற்றவர். பிளாரன்ஸ் பெரிய கோயிலின் எட்டுப்பட்டைக் கூண்டை, 145 அடி அகலத்துக்கு, கீழேயிருந்து சாரம் தாங்காமல் 1420-லிருந்து 1436-க்குள் எழுப்பினவர் அவரே. வேலை நடந்துகொண்டிருந்த 1434-ல், கொத்தர் கூட்டத்துக்குச் சந்தா கட்டவில்லை என்று அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள்! கோயில் வேலைக்குப் பொறுப்பாயிருந்தவர்கள் தலையிட்டுத்தான் சில நாளில் வெளியே கொண்டுவந்தார்கள்.

கோடம்பாக்கத்துச் சங்கங்களைப் பற்றிப் பேசும்போது நமக்கு இந்த ஞாபகம் வருகிறது. தொழிலாளிக்குச் சங்கம் வேண்டும். கூலியையும் வேலை நேரத்தையும் காப்பாற்றுவது அதுவே என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் சங்கச் சீட்டு என்பது தகப்பனிடமிருந்து பிள்ளைக்கும், மாமனிடமிருந்து மருமகனுக்கும் போகிற சொத்தாக மாறுமானால், தஞ்சைக் கல்வெட்டின் "அடுத்த உறவினர்" என்ற விதிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நாயகன் மகன் நாயகன் ஆவதைப் பார்த்துக் கைதட்டுகிற ஊரில் தொழிலாளியை மட்டும் குறை சொல்லுவதும் நியாயமல்ல. பெண்கள் தலை வாரலாம், முகத்துக்கு வர்ணம் பூசக் கூடாது என்று பம்பாய் சினிமாச் சங்கம் ஒன்று வைத்திருந்த விதியைச் சுப்ரீம் கோர்ட்டு 2014 நவம்பர் 10-ந் தேதி ரத்து செய்தது. இருபத்தோராம் நூற்றாண்டில், மின்சார விளக்கின் கீழே, பூச்சு வேலைக்கு ஆண் கைதான் ஆகும் என்று ஒரு விதி!

ஆகையால் கோடம்பாக்கத்தாரை நாம் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு சங்கமும் தன்னில் சேருவதற்கு என்ன பரீட்சை, எவ்வளவு கட்டணம் என்பதைத் தமிழில் அச்சிட்டு வாசலில் ஒட்டட்டும். உறவு கேட்காமல் வேலையைச் செய்து காட்டச் சொல்லிச் சேர்த்துக்கொள்ளட்டும். இரண்டாவது, பாட்டு எழுதுகிற காகிதத்தைப் பற்றியது. ஒரு கட்டத்தில் கர்நாடக வித்துவான் வீட்டுப் பிடில்காரரும், பறையும் தவிலும் அடிக்கிறவரும், ஆங்கிலோ இந்தியக் கிதார்க்காரரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசித்தது இந்தக் கோடம்பாக்கத்தில்தான். வேறெந்தச் சபாவிலும் அல்ல. அவர்கள் முன்னால் இருந்த சுரக் காகிதங்களில் பெரும்பாலானவை அச்சேறாமல் பீரோக்களிலும் பரண்களிலும் கிடக்கின்றன. தில்லையில் கரையானுக்கு விட்டதாகச் சொல்லுகிற ஏட்டுக்கும் இதற்கும் பேதமில்லை. உரிமைக்காரர்களுக்கு உரிய பணத்தைக் கொடுத்து, அவற்றில் நூறு பாட்டையாவது சுரத்தோடு அச்சிட்டு, மலிவு விலையில் விற்கலாம். 2008-ல் ஏ. ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் ஒரு சங்கீதப் பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கிறார். பணம் கட்ட வசதியுள்ள பிள்ளைகளுக்கு வழி உண்டு. அதே வட்டாரத்துக் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பாடச் சொல்லித்தர, படிக்கத் தெரிந்த ஒரு வாத்தியாரும் ஒரு ஆர்மோனியப் பெட்டியும் போதும்.